காயவிடுவதா, கழுவுவதா? நீரும் உரமும் மிகுந்துவிட்ட நாற்றுகளைப் பற்றி

நீங்கள் தந்திருக்கும் விவரங்கள் இவை: அறைக்குள் எல்.இ.டி. விளக்கின் கீழ், தென்னைநார்த் தூளும் மண்புழு உரமும் கலந்த கலவையில் தக்காளி, மிளகாய் நாற்றுகளை வளர்க்கிறீர்கள். முளைத்து மூன்று வாரங்கள் ஆன நிலையில் இலைகள் தொங்கத் தொடங்கின. கீழ் இலைகள் மஞ்சளாயின. சத்துக் குறைவு என்று எண்ணி, நீரில் கரையும் உரத்தைப் பொட்டலத்தில் குறித்த அளவிலேயே இரண்டு முறை ஊற்றினீர்கள். அதன்பின் இலை நுனிகள் பழுப்பேறிக் கருகவே, உரத்தைக் கழுவிவிடும் எண்ணத்தில் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுவருகிறீர்கள், செடிகள் தேறவில்லை. "இது என்ன நோய், என்ன மருந்து அடிக்கலாம்" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் தடுமாறும் இடம் நோயின் பெயரில் இல்லை. நீர் மிகுந்தால் காயவிட வேண்டும் என்கிறார்கள். உரம் மிகுந்தால் நீர் ஊற்றிக் கழுவ வேண்டும் என்கிறார்கள். இரண்டும் ஒரே தொட்டியில் சேர்ந்துவிட்டால் எதைச் செய்வது என்பதே உங்கள் கேள்வி. அதற்குத்தான் பதில் சொல்ல முயல்கிறேன்.

தோட்டக்கலை படித்து, நாற்றுப் பண்ணைகளில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் செடிகளை நான் பார்க்கவில்லை. எழுத்தில் தந்த அடையாளங்களை வைத்து எந்த நாற்றின் கோளாறையும் முழு உறுதியோடு சொல்லிவிட முடியாது. வேர் வேலை செய்யாத செடி, காரணம் எதுவானாலும், மேலே ஏறக்குறைய ஒரே முகத்தைத்தான் காட்டும். ஆகவே எதை உறுதியாகச் சொல்கிறேன், எதை ஊகமாகச் சொல்கிறேன் என்பதை அங்கங்கே பிரித்துக் காட்டுகிறேன். உறுதியானது ஒன்றை முதலில் சொல்லிவிடலாம்: தொட்டி ஈரமாக இருக்கும்போதே இலைகள் தொங்கின என்றும், உரம் ஊற்றிய பிறகே நுனி கருகியது என்றும் நீங்கள் எழுதியிருப்பது சரியானால், முதலில் வந்தது நீர் மிகுதி, உரக் கருகல் அதன்மேல் ஏறிய இரண்டாவது கோளாறு. மஞ்சள் நிறம் சத்துக் குறைவால் வந்தது என்பதுகூட ஒருவகையில் சரிதான். ஆனால் சத்து கலவையில் இல்லாததால் அல்ல, வேரால் எடுக்க முடியாததால் வந்த குறைவு அது. அங்கே மேலும் உரம் ஊற்றுவது, உண்ண முடியாதவர் முன்னால் இன்னொரு இலை போடுவதைப் போன்றது.

வேருக்கு மூச்சு வேண்டும். ஆக்சிஜன் காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால் நீரில் அது சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. கலவையின் இடைவெளிகள் எல்லாம் நீரால் நிறைந்துவிட்டால், அங்கே கரைந்திருக்கும் சிறிதளவு ஆக்சிஜனை வேரும் நுண்ணுயிரிகளும் விரைவில் தீர்த்துவிடும். மேலிருந்து புதிதாக வருவது போதாது. மூச்சு முட்டிய வேரில் ஆற்றல் உற்பத்தி விழுந்துவிடுகிறது; அந்த ஆற்றலைச் செலவிட்டே செய்ய வேண்டிய சத்து உறிஞ்சல் தடைப்படுகிறது; வேர்ச் சவ்வுகளில் நீர் கடக்கும் வழிகளும் சுருங்குகின்றன. அதனால்தான் ஈரத்தில் நின்றுகொண்டே செடி வாடுகிறது. தக்காளியில் இன்னொன்றும் நடக்கும். மூழ்கிய வேரில், எத்திலீனுக்கு முந்திய நிலையிலுள்ள ஒரு சேர்மம் தேங்கி, நீரோட்டத்தோடு தண்டுக்கு ஏறி, காற்றுள்ள இலைப்பகுதியில் எத்திலீனாக மாறுகிறது. அதன் விளைவாக இலைக்காம்பின் மேற்புறம் கீழ்ப்புறத்தைவிட வேகமாக வளர்ந்து, இலை முழுவதும் கீழ்நோக்கி வளைகிறது. இந்த வளைவு நீரின்றி வாடிய இலையின் தொய்வு அல்ல. தொட்டுப் பாருங்கள்: நீர் மிகுந்த செடியின் இலை தொங்கினாலும் தடித்து விறைப்பாக இருக்கும்; நீர் போதாத செடியின் இலை துணிபோலத் துவண்டு மெலிந்திருக்கும். வேர் அழுகத் தொடங்கிய பிறகு இந்த வேறுபாடு மறைந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். அப்போது நீர் மிகுந்த செடியும் துவண்டே கிடக்கும்.

உரக் கருகலின் வழி வேறு. கரையும் உரம் எல்லாமே வேதியியல் கணக்கில் உப்புதான். வேருக்கு வெளியே உப்புச் செறிவு கூடும்போது, சவ்வூடு பரவலால் உள்ளே வரவேண்டிய நீர் வரத் தயங்குகிறது. செறிவு மிகவும் கூடினால் வேரிலிருந்தே நீர் வெளியேறும். உள்ளே வந்த உப்பும் இலையின் விளிம்புக்கும் நுனிக்கும் போய்ச் சேர்கிறது. நீர் ஆவியாகிவிட, உப்பு அங்கேயே நின்று திசுவைக் கொல்கிறது. நுனியிலும் விளிம்பிலும் பழுப்பு தொடங்கி உள்நோக்கி வருவது இதனால்தான். மிளகாய், தக்காளியைவிட உப்புக்கு அஞ்சும் செடி. மண்ணை நீரால் நிறையவைத்துப் பிரித்த சாறில் உப்பை மின்கடத்துத்திறனாக அளக்கும் நிறைநிலைச் சாறு என்னும் அளவீட்டில் தக்காளியின் விளைச்சல் குறையத் தொடங்கும் எல்லை மீட்டருக்கு சுமார் 2.5 டெசிசைமன்ஸ் என்றும், மிளகாய்க்கு 1.5 என்றும் பாடநூல்கள் தருகின்றன. அவை வளர்ந்த செடிக்கான எண்கள். நாற்றின் பொறுமை அதைவிடக் குறைவு. உங்கள் தட்டிலும் மிளகாய் முன்னால் கருகித் தக்காளி பின்னால் கருகியிருந்தால், அது உப்பின் வேலை என்பதற்குக் கூடுதல் சான்று.

இப்போது சிக்கலின் முடிச்சுக்கு வருவோம். உப்பு மிகுந்த கலவையை அப்படியே காயவிட்டால், நீர் போகும், உப்பு போகாது. கலவையிலுள்ள நீர் பாதியாகக் குறையும்போது, மிஞ்சிய நீரின் உப்புச் செறிவு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. ஆகவே "ஒரு வாரம் தண்ணீரே காட்டாதீர்கள்" என்னும் அறிவுரை, நீர் மட்டும் மிகுந்த தொட்டிக்குச் சரி. உரமும் மிகுந்த தொட்டிக்கு அது கருகலைக் கூட்டும். மறுபுறம், நீங்கள் செய்துவருவதுபோல் நாள்தோறும் ஒரு கைப்பிடி நீர் ஊற்றுவது எந்த வகையிலும் கழுவல் ஆகாது. அடியிலிருந்து நீர் வழிந்து வெளியே போனால்தான் உப்பு வெளியே போகும். வழியாத அளவில் ஊற்றும் நீர், உப்பைத் தொட்டிக்குள்ளேயே மேலும் கீழும் அலையவிட்டு, காற்றையும் அடைத்துவிடுகிறது. இரண்டு கோளாறுகளையும் ஒருசேர வளர்க்கும் வழி ஒன்று உண்டென்றால், அது இதுதான்.

எனவே செய்ய வேண்டியதை அளந்து முடிவு செய்வதே நல்லது. இருப்பதிலேயே மோசமான ஒரு நாற்றைத் தேர்ந்து, அதைப் பலியாகக் கொடுங்கள். தொட்டியைக் கவிழ்த்து வேரோடு எடுத்து, வேரை மெதுவாக நீரில் அலசிப் பாருங்கள். வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ, ஒடித்தால் ஒடியும் விறைப்போடு இருந்தால் வேர் உயிரோடு இருக்கிறது. பழுப்பாக, வழவழப்பாக இருந்து, விரலால் இழுத்தால் மேலுறை உருவிக்கொண்டு நடுவில் மெல்லிய நார் மட்டும் நின்றால், அது பித்தியம் போன்ற கிருமி புகுந்த அழுகல். உரக் கணக்கு அங்கே இரண்டாம்பட்சம். தென்னைநார்த் தூளும் மண்புழு உரமும் வேரில் கறைபடியச் செய்யும் என்பதால் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். விறைப்பையும் வாடையையும் சேர்த்துப் பாருங்கள். அழுகிய முட்டை போன்ற நாற்றம் வந்தால், கலவைக்குள் காற்றில்லா நிலை நாட்கணக்கில் நீடித்திருக்கிறது.

அதே நாற்றின் வேர்ப்பகுதியிலிருந்த கலவையை வீணாக்காமல், அதை வைத்தே உப்பை அளக்கலாம். ஒரு பங்கு கலவைக்கு இரண்டு பங்கு காய்ச்சி வடித்த நீர் சேர்த்து, கலக்கி, அரை மணி நேரம் வைத்து, வடிகட்டி, ஈ.சி. மீட்டரால் மின்கடத்துத்திறனைப் பாருங்கள். இந்த முறையில் சென்டிமீட்டருக்கு 0.75 மில்லிசைமன்ஸ் வரை நாற்றுக்கு ஏற்றது. 1.25 வரை வளர்ந்த செடிக்கு இயல்பு, நாற்றுக்குச் சற்று அதிகம். அதற்கு மேல் போனால் வளர்ச்சி தடைப்படும், 1.75ஐத் தாண்டினால் கருகல் வருவது எதிர்பார்க்கத்தக்கதே. வேறு முறையில் எடுத்த சாறுக்கு வேறு அட்டவணை உண்டு. எண்களை முறை மாற்றி ஒப்பிடாதீர்கள். மீட்டர் பி.பி.எம். (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) அளவில் காட்டினால், அது ஒரு மில்லிசைமன்ஸை 500 என்று கணக்கிடுகிறதா 700 என்றா என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் சொல்லும் எண் இன்னொருவருக்குப் பொருந்தாமல் போவது பெரும்பாலும் இதனால்தான். இன்னொரு எச்சரிக்கை: யூரியா அயனியாகப் பிரிவதில்லை என்பதால் மீட்டர் அதைக் காண்பதில்லை. உங்கள் உரத்தின் தழைச்சத்தில் (நைட்ரஜனில்) பெரும்பங்கு யூரியாவாக இருந்தால், மீட்டர் காட்டுவதைவிட உண்மைச் சுமை கூடுதல் என்று கொள்ளுங்கள்.

மீட்டர் இல்லையென்றால் முடிவு எடுக்கவே முடியாது என்பதில்லை. கலவையின் மேற்பரப்பிலோ தொட்டி விளிம்பிலோ வெள்ளைப் பொருக்கு படிந்திருந்தால் உப்பு தேங்கியிருக்கிறது. நீங்கள் ஊற்றிய உரத்தையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். தழை, மணி, சாம்பல் சத்துகள் ஒவ்வொன்றும் 20 சதவீதம் என்று குறித்த 20-20-20 வகை உரத்தை லிட்டருக்கு ஒரு கிராம் கரைத்தால் தழைச்சத்து 200 பி.பி.எம். வரும். முதல் மெய்யிலை விரிந்த நாற்றுக்கு 50 முதல் 75 போதும். பொட்டலத்தில் லிட்டருக்கு ஐந்து கிராம் என்று போட்டிருந்தால் அது 1000 பி.பி.எம்.; வளர்ந்த செடியின் இலையில் மெல்லிய தூறலாகத் தெளிப்பதற்குக் குறித்த அளவாக இருக்கலாமே தவிர, நாற்றின் வேரில் ஊற்றுவதற்கு ஏற்றதல்ல. இதில் மண்புழு உரத்தின் பங்கையும் சேர்க்க வேண்டும். அது மிருதுவான உரம் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஆனால் எதை உண்ட மண்புழுவின் உரம் என்பதைப் பொறுத்து அதன் உப்பு பெரிதும் மாறும், சில சரக்கு நாற்றுக்குத் தாங்காத அளவில் இருக்கும். தென்னைநார்த் தூளும் அப்படியே. கழுவாத தூளில் பொட்டாசியம், சோடியம் நிறைய இருக்கும். அவை தூளின் துகள்களில் ஒட்டிக்கொண்டு, நீங்கள் தரும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் வாங்கிக்கொண்டு தாம் வெளியே வரும். எனவே உரம் ஊற்றுவதற்கு முன்பே உங்கள் கலவை உப்பு மிகுந்ததாக இருந்திருக்க வாய்ப்பு உண்டு. இது என் ஊகம். பயன்படுத்தாத கலவையில் ஒரு பிடியை மேலே சொன்ன முறையில் அளந்தால் தெளிவாகிவிடும்.

வேர் உயிரோடு இருந்து, உப்பும் எல்லைக்குள் இருந்தால், கழுவலை விட்டுவிடுங்கள். காயவிடுவது மட்டும் போதும். வேர் உயிரோடு இருந்து உப்பு மிகுந்திருந்தால், என் விருப்பம் கழுவுவதைவிடப் புதுக் கலவைக்கு மாற்றுவதே. மூன்று வார நாற்றின் வேர்க்கட்டி சிறியது. மாற்றுவது பெரிய வேலை இல்லை. கழுவும்போது வேர் மறுபடியும் மூழ்க வேண்டிய தொல்லையும் இல்லை. உரம் சேர்க்காத, கழுவிய தென்னைநார்த் தூளில் மூன்றில் ஒரு பங்கு பெர்லைட் (பொரித்த எரிமலைக் கல்லின் எடை குறைந்த வெள்ளை மணிகள்) கலந்து, பிழிந்தால் ஓரிரு துளி சொட்டும் ஈரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாற்றைத் தண்டால் பிடிக்காமல் இலையால் பிடித்து எடுங்கள். இலை கிழிந்தால் இன்னொன்று வரும், தண்டு நசுங்கினால் அத்தோடு முடிந்தது. ஒட்டியிருக்கும் பழைய கலவை தானாக உதிரும் அளவு உதிரட்டும். வேர்த்தூவிகள் அறுபடும்படி உதற வேண்டாம். தக்காளியை வித்திலை வரை ஆழமாக நடலாம், தண்டிலிருந்தே புது வேர் விடும். இழந்த வேரை ஈடுசெய்ய இதைவிட எளிய வழி இல்லை. மிளகாய் அப்படி எளிதில் வேர் விடாது. அதைப் பழைய ஆழத்திலேயே நடுங்கள். தொட்டி சிறியதாக இருக்கட்டும். பெரிய தொட்டியில் சின்ன நாற்றை நட்டால், வேர் எட்டாத கலவையிலுள்ள நீரைக் குடிக்க ஆளில்லாமல் அது அப்படியே தேங்கிக் கிடக்கும்.

மாற்ற முடியாத நிலை என்றால் கழுவுங்கள். ஆனால் ஒரே தடவை, முழுமையாக. தொட்டியின் கொள்ளளவைப் போல் இரண்டு மூன்று மடங்கு நீரை, அறை வெப்பத்தில், மெதுவாக, இடைவெளி விட்டு ஊற்றி, அடியில் வழிவதை முழுவதும் அப்புறப்படுத்துங்கள். தட்டில் தேங்கிய நீரில் தொட்டியை நிற்க விட்டால் கழுவிய உப்பு மறுபடி மேலேறும். ஊற்றும் நீரே உப்பு நீராக இருந்தால் பயனில்லை. அதையும் ஒருமுறை அளந்துவிடுங்கள். உப்பு நீக்கி என்ற பெயரில் சில வீடுகளில் பொருத்தப்படும் கடினநீர் மாற்றி கால்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தை விடுவது. அந்த நீர் நாற்றுக்கு ஆகாது. தென்னைநார்த் தூள் கலவையாக இருந்தால், கடைசி ஊற்றலை வெறும் நீராக விடாமல், கால்சியமும் மக்னீசியமும் உள்ள, 0.5 மில்லிசைமன்ஸ் அளவிலான மெல்லிய கரைசலாக விடுவது நல்லது. கழுவி முடித்ததும் தொட்டியைச் சற்றுச் சாய்த்து, மடித்த உலர்ந்த துணியின் மேல் அரை மணி நேரம் வையுங்கள். அடியில் தங்கிநிற்கும் நீரைத் துணி இழுத்துக்கொள்ளும். ஊற்றியதற்கும் ஈரம் வடிந்ததற்கும் இடையிலுள்ள நேரம் குறையும்.

அந்த அடிநீரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் தொட்டியின் அடியில் வடிகாலுக்காகக் கூழாங்கல் போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எந்தக் கலவையிலும், வடிந்து முடிந்த பிறகும் அடியில் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு நீர் நிறைந்தே நிற்கும். அந்த உயரத்தைத் தீர்மானிப்பது கலவையின் துகள் அளவு. தொட்டியின் உயரம் அல்ல. ஆழம் குறைந்த குழித்தட்டில் நாற்று எளிதில் மூழ்குவது இதனால்தான்: நிற்கும் நீர் அதே உயரம், அதற்கு மேலே காற்றுக்கு மிஞ்சும் இடம் மட்டும் குறைவு. கல்லை அடியில் போட்டால், நுண்ணிய கலவையிலிருந்து பெரிய இடைவெளிகளுக்குள் நீர் இறங்கத் தயங்கி, கல்லின் மேலேயே நின்றுவிடும்; அதாவது நிறைநீர் மட்டத்தை நீங்களே வேரை நோக்கி உயர்த்தியிருக்கிறீர்கள். கல்லை எடுத்துவிடுங்கள். காற்றோட்டம் வேண்டுமானால் பருமணிகளைக் கலவை முழுவதிலும் கலக்க வேண்டும்.

அடுத்த பத்து நாட்களுக்கு வேரின் சுமையைக் குறைப்பதே சிகிச்சை. விளக்கைச் சற்று உயர்த்தி, நாற்றின் உச்சியில் ஒளி விநாடிக்குச் சதுர மீட்டருக்கு 150 மைக்ரோமோல் அளவில் இருக்கும்படி செய்யுங்கள். வெள்ளை எல்.இ.டி. விளக்கானால் ஏறக்குறைய 10,000 லக்ஸ் என்று கொள்ளலாம். கைப்பேசிச் செயலி துல்லியமாக இராது, ஒப்பிட்டுப் பார்க்கப் போதும். விளக்கை 14 முதல் 16 மணி நேரம் எரியவிட்டு அணைத்துவிடுங்கள். சீக்கிரம் தேறட்டும் என்று இரவும் பகலும் எரியவிடாதீர்கள். இடைவிடாத ஒளியில் தக்காளி இலை வெளுத்துப் புண்படும் என்பது நன்கு அறியப்பட்டது. கலவையின் வெப்பம் 22 முதல் 26 செல்சியஸ் வரை இருந்தால் புது வேர் விரைவாக வரும். அறையின் காற்று வெப்பமாக இருந்தாலும் ஈரக் கலவை அதைவிடக் குளிர்ந்தே இருக்கும் என்பதால் அளப்பதானால் கலவையிலேயே அளக்க வேண்டும். சிறு விசிறி மெல்ல ஓடட்டும், ஆனால் நேரே நாற்றின் மேல் வீச வேண்டாம். உரம் எதுவும் வேண்டாம்.

தண்ணீர் எப்போது விடுவது என்பதற்கு நாள்கணக்கு வைக்காதீர்கள், எடையை வைத்துக்கொள்ளுங்கள். முழுதாக நனைத்து வடித்த ஒரு தொட்டியையும், நன்றாகக் காய்ந்த ஒரு தொட்டியையும் கையில் தூக்கிப் பழகினால், இடையில் எங்கே இருக்கிறது என்பதைக் கை சொல்லிவிடும். சமையலறைத் தராசு இருந்தால் இன்னும் நல்லது. வடிந்தபின் கலவையில் தங்கும் நீரில் ஏறக்குறைய பாதி போன பிறகு அடுத்த நீர் விடுங்கள். அப்போது அடியில் வழியும்வரை விடுங்கள். மேற்பரப்பின் நிறம் ஏமாற்றும், தென்னைநார்த் தூளில் குறிப்பாக. மேலே வெளிறிக் காய்ந்திருக்க, ஒரு விரல் ஆழத்தில் சொதசொதவென்று இருக்கும். தட்டில் நீர் வைத்து அடியிலிருந்து உறிஞ்சவிடும் முறையை நீங்கள் விரும்பினால் தொடரலாம். ஆனால் அந்த முறையில் உப்பு கீழே போக வழியே இல்லாமல் மேலே சேர்ந்துகொண்டே வரும் என்பதால், இடையிடையே மேலிருந்தும் ஊற்றி வழியவிட வேண்டும்.

தேறுகிறதா என்பதைப் பழைய இலையில் தேடாதீர்கள். கருகிய நுனி பச்சையாகாது, மஞ்சளான கீழ் இலையும் பெரும்பாலும் திரும்பாது. வித்திலைகள் நாளடைவில் உதிர்வது எப்படியும் இயல்புதான். வளர்நுனியில் வரும் இலை நேராக, ஒரே பச்சையில், நுனி கருகாமல் விரிந்தால் வேர் பிடித்துவிட்டது. ஒரு வாரம் முதல் இரண்டு வாரத்துக்குள் அது தெரிந்துவிடும். அதன்பின் 50 பி.பி.எம். தழைச்சத்து வரும் கரைசலில் தொடங்குங்கள்; 20-20-20 உரமானால் லிட்டருக்குக் கால் கிராம். தழைச்சத்து பெரும்பாலும் நைட்ரேட்டாக உள்ள உரத்தைத் தேர்வது நலம். அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிரிகளுக்கும் காற்று வேண்டும். குளிர்ந்து நனைந்த கலவையில் அவை முடங்க, அம்மோனியம் தேங்கி, அதுவே வேருக்கு நஞ்சாகிறது. உங்கள் செடிகளில் இது நடந்ததா என்று நீங்கள் தந்த விவரத்திலிருந்து பிரித்தறிய இயலாது. நடந்திருக்க எல்லாச் சூழலும் இருந்தது என்று மட்டும் சொல்லலாம்.

உங்களுக்கு மற்றவர்கள் பரிந்துரைத்தவற்றில் எப்சம் உப்பை (மக்னீசியம் சல்பேட்டை) உறுதியாக மறுக்கிறேன். மக்னீசியக் குறைவில் கீழ் இலையின் நரம்பு பச்சையாக நிற்க, நரம்பிடை மஞ்சளாகும். நீங்கள் விவரிப்பது சீரான மஞ்சள். அதோடு, உப்பால் தவிக்கும் வேருக்கு இன்னொரு உப்பைக் கொடுப்பதில் பொருள் இல்லை. ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் ஆக்சிஜன் கிடைக்கும் என்பது வேதியியலில் உண்மை. ஆனால் அது சிறிது நேரத்தில் தீர்ந்துபோகும். நீர் தேங்கும் காரணம் அப்படியே இருக்கும். அளவு கூடினால் எஞ்சியிருக்கும் வேர்த்தூவியையும் பொசுக்கும். நான் பயன்படுத்துவதில்லை. இலவங்கப்பட்டைத் தூள் தூவுவது மேற்பரப்புப் பூசணத்தைச் சற்று அடக்கலாம். வேருக்கு அது ஒன்றும் செய்யாது, கெடுதலும் இல்லை. மேற்பரப்பில் பறக்கும் சிறு கொசு போன்ற பூச்சிகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவற்றின் புழுக்கள் ஈரக் கலவையின் மேலடுக்கில் வாழ்ந்து இளவேரைக் கடிக்கும். மேலடுக்கு இரண்டு நீர்ப்பாய்ச்சலுக்கு இடையே காய்ந்தாலே பெரும்பாலும் குறைந்துவிடும். பூச்சி ஒட்டிக்கொள்ளும் மஞ்சள் அட்டை வைத்தால் எத்தனை இருக்கின்றன என்பது தெரியும்.

வேறு எதுவாக இருக்கக்கூடும் என்பதையும் விலக்கிப் பார்க்க வேண்டும். தண்டு கலவையைத் தொடும் இடத்தில் நீர்கோத்துச் சுருங்கி, நாற்று ஒரேயடியாகச் சாய்ந்தால் அது நாற்றழுகல். சாய்ந்ததைக் காப்பாற்ற வழியில்லை. அதைக் கலவையோடு அப்புறப்படுத்தி மற்றவற்றைப் பிரித்து வைப்பதுதான் செய்யக்கூடியது. புதிய இலைகள் நரம்பு பச்சையாக நிற்க வெளுத்தால், இரும்புச்சத்து எட்டாத அளவுக்குக் கலவையின் காரத்தன்மை ஏறியிருக்கலாம், பி.எச். 5.8 முதல் 6.5 வரை இருக்கிறதா பாருங்கள். தக்காளி இலையின் அடி ஊதாவானால் முதலில் குளிரைச் சந்தேகியுங்கள், மணிச்சத்துக் (பாஸ்பரஸ்) குறைவை அதன்பிறகு. மிளகாயின் உச்சி இலை மட்டும் சுருண்டால் பூச்சியைத் தேடுங்கள். மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டு தடித்தால் முரணைச் சிலந்தி என்பது பொது வழக்கு. அந்தச் சிலந்தி கண்ணுக்குத் தெரியாது, உருப்பெருக்கி வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு, எத்தனை நாற்றைக் காப்பாற்ற முயல்வது என்பது தனிக் கேள்வி. வேர் உருவிக்கொண்டு வந்த நாற்றுகளுக்கு நேரம் செலவிடாதீர்கள். தக்காளி பாதி வேரை இழந்தாலும், ஆழமாக நட்டால் எழுந்துவிடும். அதற்கு இரண்டு வாரம் கொடுக்கலாம். மிளகாய் அந்த வயதில் தடைப்பட்டால் வாரக்கணக்கில் வளராமல் நிற்கும். அதே நேரத்தில் புதிதாக விதைத்த நாற்று அதை முந்திவிடுவதை அடிக்கடி பார்க்கலாம். ஆகவே பழையவற்றைக் கவனித்துக்கொண்டே, உரம் சேர்க்காத கலவையில் மிளகாயை இப்போதே மறுபடி விதைத்துவிடுங்கள். பழைய கலவையை எறிய வேண்டாம். அழுகல் இல்லாத தொட்டிகளின் கலவையாக இருந்தால், நன்கு கழுவி, வளர்ந்த செடிகளின் தொட்டியில் சேர்க்கலாம். உங்கள் தண்ணீரின் ஈ.சி. அளவு, கலவைச் சாறின் அளவு, உரப் பொட்டலத்தில் தழைச்சத்து எந்தெந்த வடிவில் எவ்வளவு என்று அச்சிட்டிருக்கும் வரி, அலசிய வேரின் படம் ஆகியவற்றை இங்கே சேர்த்தால், மேலே ஊகமாகச் சொன்னவற்றில் எவை நிற்கும், எவை விழும் என்று பார்த்துச் சொல்கிறேன்.